என்றென்றும் கல்யாணக் களை

வினோதாவின் முகம் அன்றைக்கு அப்படி மின்னியது. கல்யாணப் பட்டுப் பிரிவில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டு, வேலைக்கு நடுவிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். வயிற்றில் இருப்பது பெண் குழந்தை.

"பொட்டப் புள்ள வயித்துல இருந்தாத்தான்டி ஆத்தா முகத்துல இப்புடி ஒரு மினுமினுப்பு வரும்" என்றாள் நாகஜோதி. அந்தப் பிரிவில் மூத்தவள் அவள்தான். நாற்பத்து மூன்று வயது. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்று பெயர்.

"எங்க ஊர்ல இதையே ஆம்பளப் புள்ளைன்னு சொல்லுவாகக்கா" என்றாள் பக்கத்துக் கவுண்டர்க்காரி.

"ஒங்க ஊர்ல மழை பேஞ்சாலும் ஆம்பளப் புள்ளைன்னுதான் சொல்லுவாக, போடி."

நாகஜோதி தன் கண்மையில் விரலைத் தொட்டு, வினோதாவின் காதோரம் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். வினோதா சிரித்தாள். சிரித்தபடியே கவுண்டரின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஆறாவது மாதம். பட்டுப் பிரிவில் செருப்புப் போடக் கூடாது. வெறுங்காலோடு கிரானைட் தரையில் நின்று நின்று, கணுக்கால் இருக்கும் இடமே தெரியாமல் வீங்கியிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் போயிருப்பவர்களுக்கு 'வேல்விழி பட்டு மாளிகை'யைச் சொல்லத் தேவையில்லை. ஏழு மாடி. அதன் நெற்றியில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. அதில் கடையின் சின்ன முதலாளி ராஜவேலுவின் மனைவி மதுவந்தி, அரக்குப் பட்டுடுத்தித் தலை சாய்த்து நிற்பாள். கீழே 'என்றென்றும் கல்யாணக் களை' என்று எழுதியிருக்கும். பேருந்தில் போகிறவர்கள்கூடக் கழுத்தை வளைத்து அந்த முகத்தைப் பார்ப்பார்கள்.

இந்தக் கடையில் ஒரு வழக்கம். முகூர்த்தப் புடவையை மேசையில் விரித்துக் காட்டினால் மட்டும் போதாது, விற்கிற பெண் அதைத் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். பெண் வீட்டார் பத்துப் பேர் வந்து உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் திரும்பும்மா" என்பார்கள். துணியைப் பார்க்கிறோம் என்றுதான் அவர்கள் நினைப்பு. பார்ப்பதென்னவோ துணிக்கு மேலே இருக்கிற முகத்தை. முகம் சோர்ந்திருந்தால் எத்தனை நல்ல ஜரிகையும் அவர்கள் கண்ணுக்கு மங்கல்தான். இது முதலாளிகளுக்குத் தெரியாதா என்ன!

அப்புறம் கூரையில் இருக்கிற அந்தக் கண். கடைகளில் நிற்கிற பெண்கள் உட்கார வேண்டும் என்று போராடி, சட்டம் வந்து, நாற்காலிகளும் வந்தன. நாற்காலியில் உட்காரத்தான் விடவில்லை. யாருக்கு உண்மையாகக் களைப்பு, யார் சும்மா சொல்கிறாள் என்று சண்டை வந்தது. அப்போது ஒரு மகானுபாவன் யோசனை சொன்னான். மனிதர்கள் பொய் சொல்வார்கள், இயந்திரம் சொல்லட்டும் என்று. அரசாங்கமும் தலையாட்டியது. கூரையில் வட்டமாக ஒரு கேமரா வந்து உட்கார்ந்தது. கண்ணுக்குக் கீழே கருமை, வாயோரம் தொய்வு, நெற்றிச் சுருக்கம் எல்லாவற்றையும் அது அளக்கும். களைப்பு என்று அதற்குப் பட்டால் அந்தப் பெண்ணின் எண் பச்சையாக எரியும். அவள் பதினைந்து நிமிடம் உட்காரலாம். முதல் வருடம் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. பெண்கள் அதை 'கண்ணு' என்று செல்லமாகக்கூடக் கூப்பிட்டார்கள்.

அடுத்த வருடம் நிர்வாகம் முகப்பொலிவுக்கு இலவசமாக ஊசி போட்டது.

'இளந்தளிர்' என்று பெயர். ஏழாம் மாடியில் ஒரு சின்ன கிளினிக் திறந்து, அமுதினி என்று ஒரு டாக்டர் பெண்ணையும் வைத்தார்கள். வேண்டாம் என்பவர்கள் அடித்தளத்துக்குப் போய்த் துண்டும் லுங்கியும் விற்கலாம். அங்கே கமிஷன் கிடையாது. எல்லோரும் போட்டுக்கொண்டார்கள்.

நாகஜோதியும்தான். அதில் அவளுக்கு வெட்கமில்லை. கன்னத்தில் நான்கைந்து குத்து, இரண்டு நாள் வீக்கம், மூன்று வாரத்தில் கண்ணாடியில் வேறு ஒருத்தி இல்லை, அவளேதான். ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த அவள். இன்னதுதான் மாறியது என்று யாராலும் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. குடிநீர் வாரியத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன், சோற்றில் கை வைத்தபடியே இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தான். சந்தோஷப்படாமல் இருக்க அவள் என்ன கல்லா?

பச்சை விளக்கு எரிவது நின்றுபோனதை அந்தச் சந்தோஷத்தில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது, "கண்ணே சொல்லுது, ஒங்களுக்கெல்லாம் களைப்பே இல்லைன்னு" என்றார் மாடி மேலாளர் கதிரேசன். சிறந்த பணிச்சூழல் என்று கடைக்கு ஒரு கேடயமும் கிடைத்தது. அதை வாங்கும்போது எடுத்த போட்டோவில் பெண்கள் எல்லோரும் தேவதைகள் மாதிரி இருந்தார்கள்.

வினோதாவுக்குப் போன வருடம் நாலாம் மாதத்தில் ஒரு கரு கலைந்தது. இந்தத் தடவை பெரியாஸ்பத்திரி டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார்: "நிக்காதம்மா. நின்னா இதுவும் தங்காது." வேலையை விட்டால் பேறுகால விடுப்பும் போய்விடும். அவள் கணவனின் ஆட்டோவை நம்பிப் பிள்ளை பெற முடியாது. இன்னும் ஆறு வாரம் ஓட்டிவிட்டால் விடுப்பில் போய்விடலாம். அந்த ஆறு வாரத்துக்கு ஒரு நாற்காலி. அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

"நான் என்னம்மா பண்றது? கண்ணு சொல்லணும்" என்று கதிரேசன் கூரையைக் காட்டினார், சாமி உத்தரவு தரவில்லை என்கிற மாதிரி.

நாகஜோதி இதையெல்லாம் வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தது உசிலம்பட்டிப் பொங்கலுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான்.

அவளுடைய தம்பி வீடு அங்கே. அம்மன் கோயில் பொங்கலுக்கு நாலு நாள் லீவு போட்டுப் போனாள். கிடாக்கறி தின்றாள், மத்தியானம் தூங்கினாள், தம்பி பெண்டாட்டியோடு சேர்ந்து ஊர்க்கதை பேசிச் சிரித்ததில் வயிறு வலித்தது. இவ்வளவு நிம்மதியாக இருந்து வருடக்கணக்காயிற்று என்று நினைத்துக்கொண்டே கடைக்குத் திரும்பினாள்.

"என்னம்மா நாகஜோதி, சீக்காளி மாதிரி வந்து நிக்கிறீங்க? முகம் செத்துப்போச்சே" என்றார் கதிரேசன்.

அதைவிட வேடிக்கை, அவள் கவுண்டருக்கு வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அவளுடைய எண். நாற்காலி வந்தது.

"எனக்கு எதுக்கு? நீ உக்காருடி" என்று அவள் வினோதாவைப் பிடித்து உட்கார வைத்தாள். வினோதா முழுசாகச் சாயக்கூட இல்லை. கதிரேசன் ஓடிவந்தார்.

"ஏம்மா, எந்திரி எந்திரி! அது நாகஜோதி எண்ணுக்கு வந்த சேரு. ரெக்கார்டு ஆகுது. அப்பறம் எனக்குத்தான் கேள்வி வரும்."

வினோதா எழுந்தாள். எழும்போது ஒரு கை இடுப்பில், ஒரு கை அடிவயிற்றில். களைப்பென்றால் என்னவென்றே அன்றைக்குத் தெரியாத நாகஜோதி, பதினைந்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நிற்க முடியாதவள் நின்றுகொண்டிருந்தாள். நிற்க நிற்க அவள் முகம் ஏற்றிவைத்த விளக்காகப் பிரகாசித்தது. நாகஜோதிக்கு நாற்காலி முள்ளாகக் குத்தியது.

முகம் செத்துப்போனவளை மறு ஊசிக்கு ஏழாம் மாடிக்கு அனுப்பினார்கள். டாக்டர் அமுதினி, படிப்பு முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண், மருந்துக் குப்பியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். நாலு நாள் நல்லாத் தின்னு, தூங்கி, சிரிச்சுட்டு வந்திருக்கேன். முகம் வாடிப்போச்சுங்கறாக. இங்க காலு கடுக்க நின்னா மட்டும் மின்னுது. இது என்ன மருந்து, தலைகீழா வேலை செய்யுது?"

அமுதினிக்கு அந்த மருந்தின் மேல் பெருமை. உற்சாகமாகச் சொன்னாள். "தலைகீழ் இல்லக்கா, அதுதான் அதோட புத்திசாலித்தனம். தோலுக்கு அடியில கொலாஜன்னு ஒண்ணு இருக்கு. கூரை போடும்போது கம்பி கட்டுறோம்ல, அந்த மாதிரி. அதுதான் தோலைத் தாங்குது. வயசாக ஆக அது கொறையும். முன்னாடி வந்த ஊசியெல்லாம் அது பாட்டுக்கு எல்லா நேரமும் கொலாஜனை வளத்துவிடும். சில பேருக்கு மூஞ்சி உப்பிப்போகும். இதுல அப்படி இல்ல. வலி, பயம், மன உளைச்சல், தூக்கமில்லாம இருக்கறது, இதெல்லாம் வந்தா ரத்தத்துல ஒரு சுரப்பு ஏறும். அதுதான் கொலாஜனை அரிச்சுத் தின்னுறது. இந்த மருந்துல இருக்கற பொடிக் குருணை, அந்தச் சுரப்பு வந்தா மட்டும்தான் முழிச்சுக்கும். உடனே ரத்தத்தையும் நீரையும் தோலுக்கு இழுக்கும். கொஞ்ச நேரத்துலயே முகம் பூத்துரும். அப்பறம் மெதுவா கொலாஜனை வளக்கும். எங்க சேதமோ, எப்ப சேதமோ, அங்க அப்ப மராமத்து."

"நான் நிம்மதியா இருந்தா?"

"அது தூங்கும். அதான் நீங்க ஊருக்குப் போனப்ப வாடிருச்சு."

நாகஜோதி தன் கன்னத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப வினோதா முகம்?" என்றாள் நாகஜோதி. "ஆறு மாசக்காரி. ராத்திரி பகலா மின்னுதே, அது என்னது?"

குப்பியைக் குலுக்கிய கை நின்றது.

"அவங்களுக்கு உண்டாகறதுக்கு முன்னாடி போட்டது. ரெண்டு மூணு வருஷம் உள்ள இருக்கும். இப்ப எடுக்க முடியாதுக்கா."

"மருந்தை எடுக்கச் சொல்லல தாயி. அவள உக்கார வைக்கச் சொல்றேன். மின்னுறது களைப்புதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்னை வேலையை விட்டு அனுப்பிருவாங்கக்கா" என்றாள் அமுதினி, தரையைப் பார்த்து. அவள் முகமும் மெல்லப் பூத்தது. அவளும் போட்டிருந்தாள்.

நாகஜோதி ஊசி போட்டுக்கொள்ளாமலே இறங்கினாள். படியில் பாதி வழியில் அவளுக்கு நினைவு வந்தது. திருஷ்டிப் பொட்டு! தன் விரலால் தானே வைத்தாளே. ஒரு பெண் செத்துச் செத்து நிற்கிறாள், அதைப் பார்த்து அழகு என்று ஊரே மெச்சியிருக்கிறது, அந்த வலிக்குக் கண் பட்டுவிடக் கூடாது என்று பொட்டு வேறு! அவளுக்கு வந்த ஆத்திரத்தில் யாரை அடிப்பது என்று தெரியவில்லை. கைப்பிடிச் சுவரை அடித்தாள். கைதான் வலித்தது.

நேரே கதிரேசனிடம் போனாள். டாக்டரின் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னாள். அவர் திகைப்பார், பதறுவார் என்று எதிர்பார்த்தாள். நல்ல மனிதர்கள் தெரியாமல்தான் தப்புச் செய்கிறார்கள் என்று நம்புகிற வயது இன்னும் அவளுக்குத் தாண்டியிருக்கவில்லை.

"இது தெரியாமலா இருக்கு?" என்றார் கதிரேசன். சிரிக்கக்கூட இல்லை, பில் போடுகிறவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார். "காலையில கடை தொறக்குறதுக்கு முன்னாடி கூட்டம் போட்டு நான் திட்டுறேன்ல, எதுக்குன்னு நெனச்சீங்க? எனக்கென்ன ஒங்க மேல கோவமா? நாலு வார்த்தை உரைக்கிற மாதிரி சொன்னாத்தான் மொத கஸ்டமர் வரும்போது எல்லாருக்கும் முகம் எடுப்பா இருக்குது. ஆவணி முகூர்த்தம் வருதும்மா. எனக்கும் மேல பதில் சொல்லணும்ல."

தினமும் காலையில் அந்தக் கூட்டத்தில் தலைகுனிந்து நின்றதும், "மாடு மாதிரி நிக்கிற, வாயத் தொறந்து விக்கத் தெரியல" என்று வசவு கேட்டுக்கொண்டதும், வீட்டுக்குப் போய் அதற்காகப் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்ததும் எல்லாம் நாகஜோதியின் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. ஏதோ தப்புச் செய்திருக்கிறோம் போல என்று நினைத்தாளே! பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி இவர்கள் வசவைத் தெளித்திருக்கிறார்கள்.

"ஒங்களுக்கெல்லாம் அக்கா தங்கச்சி இல்லையா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் பெண்களுக்கும் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பிரிவில் யாரும் யாரையும் பார்த்து அழகாயிருக்கிறாய் என்று சொல்லவில்லை. ஒருத்தி முகம் பளிச்சென்று வந்தால், பக்கத்தில் இருப்பவள் புடவையை மடிப்பது போல நெருங்கி, "என்னடி ஆச்சு?" என்று கேட்பாள். கேட்டால் சொல்லத்தானே செய்வார்கள். ஒருத்திக்கு வீட்டுக்காரன் குடித்துவிட்டு வந்து கை நீட்டுகிறான். ஒருத்தியின் மகன் வாரக்கணக்காகப் பேசவில்லை. இன்னொருத்திக்கு மார்பில் ஒரு கட்டி, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். இத்தனை வருடம் தோளோடு தோள் நின்றும் தெரியாமல் இருந்ததெல்லாம் அந்தச் சில நாளில் தெரிந்தது.

வினோதாவைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "காலையில லேசா ரத்தம் பட்டுச்சுக்கா" என்று அவளே வந்து நாகஜோதியின் காதில் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்த ஒரு கல்யாணப் பெண்ணின் சித்தி, "என்ன லட்சணம் பாருங்க இந்தப் பொண்ணு" என்றாள்.

நாகஜோதி அங்கேயே, வாடிக்கையாளர் முன்னாலேயே போனை எடுத்துத் தொழிலாளர் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் பேசினாள்.

மறுநாளே ஆய்வாளர் எஸ்தர் வந்தார். நேர்மையான பெண்மணி. கடையில் கொடுத்த காபியைக்கூடத் தொடவில்லை. ஆனால் நேர்மையாக இருந்து என்ன, சட்டம் இயந்திரத்தை நம்பச் சொல்லியிருக்கிறதே. கண்ணின் பதிவுகளைத் திரையில் ஓட்டிப் பார்த்தார். வினோதாவை முன்னால் நிறுத்தி, அவள் முகத்தையும் பதிவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்கு மாசக்கணக்கா அயர்வுன்னு ஒரு பதிவுகூட இல்லையேம்மா. நேர்ல பாத்தாலும் நல்லாத்தானே இருக்காங்க."

"அதான் மேடம் நோயே! நல்லா இருக்கறதுதான் நோய்" என்று நாகஜோதி முழுக் கதையையும் சொன்னாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். புடவை பார்க்க வந்த ஒரு கூட்டமும் ஜமக்காளத்தில் உட்கார்ந்தபடி வேடிக்கை பார்த்தது. எஸ்தர் கவனமாகத்தான் கேட்டார். நம்புவதா வேண்டாமா என்று அவர் தயங்கியது தெரிந்தது.

அப்போதுதான் சின்ன முதலாளி ராஜவேலு வந்தார். அவர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபப்படுவதற்கென்று சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவருக்குக் குரல் எதற்கு உயரப்போகிறது! எல்லாவற்றையும் புன்னகையோடு கேட்டுக்கொண்டார்.

"மேடம், படிக்காதவங்க ஏதோ கேள்விப்பட்டதை வச்சுப் பேசறாங்க. தப்பில்ல. நான் ஒண்ணே ஒண்ணு காட்டறேன், நீங்களே முடிவு பண்ணுங்க" என்றவர், மேலே போன் போட்டு மனைவியை வரச் சொன்னார்.

லிஃப்ட் திறந்து மதுவந்தி வந்தாள். விளம்பரப் பலகையில் இருப்பதைவிட நேரில் இன்னும் ஒளி. புடவை பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். அவள் கணவன் பக்கத்தில் வந்து, எங்கே நிற்க வேண்டும் என்று அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு நின்றாள். எதற்கும் அவள் அவரைப் பார்த்துவிட்டுத்தான் செய்வாள். பெரிய இடத்து மரியாதை என்று கடைப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். நாகஜோதிக்கு அவளைக் கண்டாலே எரியும். உட்கார்ந்த இடத்தில் எல்லாம் வருகிறது, இவளுக்கு என்ன கேடு, மின்ன மாட்டாளா என்று.

"இவங்க என் மனைவி" என்றார் ராஜவேலு. "அதே ஊசிதான். எல்லாருக்கும் முன்னாடி மொதல்ல போட்டுக்கிட்டது இவங்கதான். ஒரே ஒரு தடவை. ரெண்டு வருஷமாச்சு, அந்தப் பொலிவு ஒரு நாள்கூடக் கொறைஞ்சதில்ல. டாக்டரே ஆச்சரியப்படறாங்க. இவங்க நிக்கிறாங்களா? வேலை செய்யறாங்களா? ஏசி ரூம், காரு, சமையலுக்கு ஆளு. ஒரு டம்ளர் எடுத்து வைக்க விடமாட்டேன். கஷ்டத்துலதான் முகம் மின்னும்னா, இவங்க ஏன் மேடம் இந்த ஊர்லயே அதிகமா மின்னணும்?"

நல்ல வாதம். மறுக்க முடியாத வாதம். எஸ்தர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே மதுவந்தியைப் பார்த்தார்.

நாகஜோதியும் பார்த்தாள். வாயில் தயாராக ஒரு வண்டி வசவு இருந்தது. ஆனால் இந்தச் சில நாட்களில் அவள் கண் பழகிப்போயிருந்தது. கையோங்கும் புருஷனைக் கட்டியவள் எவ்வளவு மின்னுவாள், கட்டியை மறைத்தவள் எவ்வளவு, ரத்தம் பார்த்த வினோதா எவ்வளவு என்று அவளுக்கு அத்துப்படி. இந்த முகத்தின் முன்னால் அவையெல்லாம் அகல் விளக்கு. இரண்டு வருடம், ஒரு நாள்கூடக் குறையாமல்.

அவள் பக்கத்தில் நின்ற பெண்களும் ஒருத்தி பின் ஒருத்தியாக அந்த முகத்தை உற்றுப் பார்த்தார்கள். வினோதா தன் வலியை மறந்து, "ஐயோ" என்றாள், மிக மெதுவாக.

நாகஜோதி தூணுக்குப் பின்னால் போனாள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அடுக்கியிருந்த மிச்ச நாற்காலிகளில் ஒன்றை இழுத்து வந்து மதுவந்திக்குப் பின்னால் போட்டாள்.

"உக்காருங்கம்மா" என்றாள். பிறகு, புடவை மடிக்கும்போது கேட்கிற அதே தணிந்த குரலில், "என்னம்மா ஆச்சு?" என்றாள்.

யாரும் மதுவந்தியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த முகத்தைப் பார்த்து யாருக்குக் கேட்கத் தோன்றும்? மதுவந்தி உட்கார்ந்தாள். முதல் தடவையாகக் கணவனைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். உறை போட்ட கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், வினோதா கவுண்டரைப் பிடித்துக்கொள்வது போல.

"மேடம்," என்றாள் எஸ்தரிடம். குரல் சன்னமாக இருந்தது, ஆனால் நடுங்கவில்லை. "அந்தப் பொண்ண மொதல்ல உக்கார வைங்க. இவங்க சொல்றது அத்தனையும் நிஜம். எனக்குத் தெரியும்."

எஸ்தர் மதுவந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதிரேசன் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கண்ணை அணைங்க. இங்க அது சொல்றது இனிமே செல்லாது, நான் எழுதறேன். எல்லாப் பொண்ணுங்களுக்கும் சேர் வரட்டும். அந்த கர்ப்பிணிப் பொண்ணுக்கு மொதல்ல. ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லுங்க."

வினோதாவை இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, அவள் விட்ட மூச்சு எல்லோருக்கும் கேட்டது.

ராஜவேலு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. அவர் கோபப்படவில்லை. ஒரு அடி முன்னால் வந்து, மனைவியைப் பார்த்து, குழந்தையைக் கூப்பிடுவது போல மிருதுவாகக் கூப்பிட்டார்.

"மது. வாம்மா, வீட்டுக்குப் போலாம்."

அந்தக் குரல் கேட்ட கணத்திலேயே மதுவந்தியின் கழுத்திலிருந்து ஒரு சிவப்பு ஏறியது. கன்னம் பூத்தது. நெற்றி பளபளத்தது. அந்தப் பிரிவில் எரிந்த விளக்குகள் எல்லாம் மங்கிப்போனதுபோல அந்த முகம் ஒளிவிட்டது. நாகஜோதி இதுவரை பார்த்ததிலேயே மிகப் பெரிய பிரகாசம் அதுதான். எஸ்தரின் பேனா அப்படியே நின்றது.

ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், கல்யாணம் நிச்சயமான தன் மகளின் தோளைத் தட்டிச் சொன்னாள்: "பாத்தியாடி, புருஷன் ஒரு வார்த்தை கூப்பிட்டதும் அந்தப் புள்ளைக்கு முகம் எப்புடிப் பூக்குதுன்னு! இப்புடி இருக்கணும்டி."

ராஜவேலு கையை நீட்டினார். நாகஜோதி நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். கால் கடுத்தது. நன்றாகவே நின்றாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து அவளோடு சேர்ந்து நின்றார்கள்.

"அவங்க இப்ப வரல சார்," என்றாள். "கொஞ்ச நேரம் உக்காரட்டும்."